மூன்று பூட்டுச் சங்கு

ஊத்துமேட்டில் அபாயச் சங்கு வைத்த அன்று கன்னையனுக்கு ஒரு தொப்பியும் ஒரு ஊதல் கயிறும் கொடுத்தார்கள். ஊதல் கொடுக்கவில்லை. கயிறு மாநில நிதியில் வாங்கியது, ஊதல் ஊராட்சி நிதியில் வர வேண்டியது, நிதி வந்ததும் வரும் என்றார்கள். கன்னையன் வெறும் கயிற்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றான். வாழ்க்கையில் முதல்முறையாக அரசாங்கம் அவனுக்கு ஒரு பொருளைக் கையில் கொடுத்திருக்கிறது. பாதியாக இருந்தால்தான் என்ன?

போடியிலிருந்து குரங்கணி போகிற வழியில் பிரிந்து, ஜீப்புத் தடம் மலையேறத் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது ஊத்துமேடு. எல்லாம் தகரக் கூரை வீடுகள். ஆணும் பெண்ணும் விடிந்தால் ஜீப்பில் நெருக்கியடித்து மேலே ஏலத்தோட்டத்துக்குப் போவார்கள், பொழுது சாய்ந்தால் அதே நெருக்கடியில் இறங்குவார்கள். வீடுகளின் தலைக்கு நேர் மேலே ஒரு மொட்டைச் சரிவு. போன மழையில் அந்தச் சரிவின் உச்சியில் தரை வாய் பிளந்தது. மாடு தேடிப் போன ஒருத்தரின் கால் அதற்குள் போய்ச் சிக்கிக்கொண்டது. ஊரே திரண்டு போய், எங்களை வேறு இடத்தில் குடிவையுங்கள் என்று மனுக் கொடுத்தது. இடம் தருவதற்கு நிலம் வேண்டும், நிலத்துக்குப் பல பேர் சம்மதம் வேண்டும். சங்கு வைப்பதற்கு ஒரு கம்பம் போதும். அதனால் சங்கு வந்தது.

சங்கைச் சாதாரணமாக வைத்துவிட்டுப் போகவில்லை. 'முத்தரசு அபாய அறிவிப்பு ஒருங்கிணைப்பு வாரியம்' என்று ஒன்று அமைத்து, அதன் பெயரில் வைத்தார்கள். சரிவின் அடியில் கம்பம், கம்பத்தை ஒட்டி ஒரு சிமென்ட் சாவடி, சாவடிக்குள் ஓர் இரும்புப் பெட்டி, பெட்டிக்குள் பொத்தான். பெட்டிக்கு மூன்று பூட்டு. ஒரு சாவி மத்திய அரசிடம், ஒன்று மாநில அரசிடம், ஒன்று ஊராட்சித் தலைவரிடம். மூன்றையும் ஒரே நேரத்தில் திருப்பினால்தான் பெட்டி திறக்கும். சாவடிக் காவலரான கன்னையனிடம் சாவடிக் கதவின் சாவி இருந்தது. மழைக்கு ஒதுங்கலாம்.

முட்டி தேய்கிற வரைக்கும் ஜீப்பு ஓட்டியவன் அவன். கிளட்ச்சை மிதிக்க முடியாமல் போனபிறகு வீட்டில் உட்கார்ந்து மனைவி செல்லத்தாயிடம் பேச்சு வாங்கிக்கொண்டிருந்தான். இப்போது மூன்று அரசாங்கத்துக்கும் ஒரே வேலையாள்.

"மூணு மொதலாளியா? ஒரு மொதலாளிகிட்டயே ஒழுங்காச் சோலி பாக்காத ஆளு நீ," என்றாள் செல்லத்தாய்.

"போடி கூறுகெட்டவளே. இது கூட்டாட்சி," என்றான் கன்னையன். அந்தச் சொல்லை அன்று காலைதான் கற்றிருந்தான்.

திறப்பு விழாவுக்குச் சாமியானா போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் ஏலக்காய் மாலை போட்டார்கள். முதலில் மத்திய அதிகாரி எழுந்தார். வெள்ளைச் சட்டை, மெதுவான குரல்.

"அருமை நண்பர்களே! ஆபத்து வருகிறது என்பதை அறிவது மத்திய அரசின் அதிகாரம். வானிலை, நில ஆய்வு இரண்டும் அரசியல் சட்டத்தில் எங்கள் பட்டியல். உங்கள் மலையில் கருவி புதைத்திருக்கிறோம். ஆபத்து வந்தால் சாவடியில் சிவப்பு விளக்கு எரியும். அத்தோடு எங்கள் கடமை பூரணமாக நிறைவேறிவிடும். அதற்கு மேல் ஓர் அடி வைத்தாலும் அது மாநில உரிமையில் தலையிடுவதாகும். அந்தப் பாவத்தை நாங்கள் ஒருபோதும் செய்ய மாட்டோம்."

மாநில அதிகாரி ஒலிபெருக்கியைப் பிடுங்காத குறையாக வாங்கினார். "அறிந்ததை அறிவிப்பது மாநிலத்தின் உரிமை! பொது ஒழுங்கு எங்கள் பட்டியலில் முதல் இனம். இந்த உரிமையில் ஓர் அங்குலம்கூட விட்டுத்தர மாட்டோம். மத்திய அரசு தன்னிச்சையாக ஓர் எச்சரிக்கை விடுத்தால், அது உண்மையாகவே இருந்தாலும், அதை நாங்கள் காதில் வாங்க மாட்டோம் என்று இந்த மலையின் மீது ஆணையிட்டுச் சொல்கிறேன்!"

கூட்டம் கை தட்டியது. எதற்கென்று தெரியாவிட்டாலும் கன்னையனும் தட்டினான்.

ஊராட்சித் தலைவர் திருப்பதி கடைசியாக வந்தார். "அவுக அறிஞ்சு, இவுக அறிவிச்சு, அதைக் கேட்டு ஓடுறது நம்ம ஊராட்சிக்குக் குடுத்திருக்காக. சட்டத்தைத் திருத்திக் கெடைச்ச உரிமை, லேசுல கெடைச்சதில்ல. என்ன, ஓடுறதுக்குண்டான நிதி இன்னும் வரலை. வந்ததும் எல்லாரும் ஒத்துமையா ஓடிருவோம்."

பெண்கள் பக்கத்திலிருந்து செல்லத்தாய் எழுந்தாள். கன்னையன் தொப்பியை இறக்கி முகத்தை மறைத்துக்கொண்டான்.

"அய்யா, மலை வந்து நாங்க செத்துப்போனா அது யாரு பொறுப்பு?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் புன்னகைத்தார்கள். நல்ல மாணவனின் கேள்வி வந்தால் வாத்தியார்கள் பூரிப்பார்களே, அப்படி. "மிக அருமையான கேள்வி அம்மா," என்றார் மாநில அதிகாரி. "இறப்பைப் பதிவு செய்வது பொதுப்பட்டியல், இருவரும் சேர்ந்து செய்வோம். புதைப்பதும் எரிப்பதும் மாநிலப் பட்டியல், பத்தாவது இனம். நீங்கள் எந்தக் கவலையும் பட வேண்டாம். அந்தக் கட்டம் வந்துவிட்டால் குழப்பமே கிடையாது."

ஒரு தடவை ஊதிக் காட்டுங்கள் என்று யாரோ கேட்டதற்கு, ஆபத்து இல்லாதபோது ஊதினால் அது பொய்ச்செய்தி பரப்புவதாகிவிடும் என்று சொல்லிவிட்டு, ஏலக்காய் மாலைகளைப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டார்கள். வந்தவர்கள் வண்டியேறியபின் கன்னையன் சரிவை அண்ணாந்து பார்த்தான். புல் இல்லாத அந்த மண் பகல் வெளிச்சத்திலும் ஈரமாக இருந்தது.

மழை வலுக்கும் முன்பே மகள் பானுப்பிரியா பிரசவத்துக்கு வந்திருந்தாள். பெண் குழந்தை. குழந்தை வந்தபிறகு கன்னையனுக்குச் சரிவின் மேல் இருந்த கண் அதிகமாகிவிட்டது. வலிக்கிற முட்டியோடு தடியூன்றி உச்சிக்கு ஏறி வெடிப்பைப் பார்த்துவிட்டு வருவான். முதலில் கை மட்டும் போனது. பிறகு தோள் வரைக்கும் போனது. ஒருநாள் ஊன்றியிருந்த தடியையே உள்ளே விட்டான். அடி தட்டவில்லை. கையை எடுத்ததும் தடி போய்விட்டது; விழுந்த சத்தமும் வரவில்லை. அன்றைக்குத் தவழ்ந்துதான் இறங்கினான்.

மூன்று அலுவலகத்துக்கும் சொன்னான். வாரியத்தார் கூட்டாக மலையேறி வந்தார்கள். வந்தவர்கள் வெடிப்பைப் பார்க்கவில்லை, எல்லைக் கல்லைத் தேடினார்கள். வெடிப்பு உச்சியைத் தாண்டிக் கேரளப் பக்கத்தில் தொடங்கி, எல்லைக் கோட்டோடேயே ஓடி, இந்தப் பக்கம் வந்து முடிகிறது என்று தெரிந்ததும் அவர்களுக்கு உற்சாகம் வந்துவிட்டது. அந்தப் பக்கத்து அதிகாரி ஒருத்தரும் குடையோடு வந்து சேர்ந்தார். மலையாளமும் தமிழும் கலந்து பொறுமையாக விளக்கினார்.

"விரிசல் எங்களுடே. அதில் சம்சயமே இல்லா. எழுதித் தராம். பட்சே மண்ணு தாழே வந்நால், அது உங்கள் ஸ்டேட்டு."

"ஒப்புக்கொள்கிறோம்," என்றார் மாநில அதிகாரி பெருந்தன்மையோடு. இருவரும் கைகுலுக்கினார்கள்.

கன்னையன் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டான். "அய்யா, நாங்க ஊராளுக எல்லாம் கூடிக் கல்லையும் களிமண்ணையும் போட்டு அதை அடைச்சுப்புடவா? மழத்தண்ணி உள்ள எறங்காம இருக்கும்ல?"

மத்திய அதிகாரியின் முகம் மாறியது. "எல்லை அதற்குள்தான் ஓடுகிறது. நீ அடைத்தால் இரண்டு மாநிலங்களின் எல்லையை மாற்றியதாக ஆகும். அது நாடாளுமன்றத்தால் மட்டுமே முடியும். உனக்கு நாடாளுமன்றத்தின் அதிகாரம் வேண்டுமா?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டான். வெடிப்பின் இந்தக் கரையில் ஒரு நிறமும் அந்தக் கரையில் ஒரு நிறமும் பூசிவிட்டு எல்லோரும் இறங்கினார்கள். அடுத்த மழையில் இரண்டு நிறமும் இன்னும் கொஞ்சம் விலகியிருந்தன.

இந்தச் சமயத்தில்தான் தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற கிங்ஸ்லியின் ஜீப்புக்கு பிரேக் போனது.

ஊத்துமேட்டுக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தடம் மேலிருந்து இறங்கி வீடுகளுக்கு நேரே வந்துதான் வளையும். பிரேக் பிடிக்காத வண்டி வளையாது, வீட்டுக்குள்தான் வரும். அதனால் பிரேக் போன டிரைவர் மேலேயே ஹாரனில் கை வைத்து அழுத்திக்கொண்டு வருவான். கையை எடுக்கவே மாட்டான். அந்த விடாத ஹாரன் கேட்டால் ஊரில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. உலையில் அரிசி போடப் போன கை அப்படியே நிற்கும், பாதிச் சவரத்தில் இருக்கிறவன் நுரையோடு ஓடுவான். எல்லோரும் தடத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற சிலுவை மேட்டில் போய் ஏறிவிடுவார்கள். அங்கே வண்டி வராது.

அன்றும் அப்படித்தான். கிங்ஸ்லி லோடு ஆட்களோடு ஹாரனை அழுத்திக்கொண்டே வந்தான். ஒரு வீட்டுக் குளியலறைச் சுவரை இடித்துக்கொண்டு வண்டி நின்றது. யாருக்கும் ஒன்றும் இல்லை. ஊர் முழுக்கச் சிலுவை மேட்டில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது.

சாவடியைப் பார்வையிட வந்திருந்த மாநில அதிகாரி இதைக் கண்ணால் கண்டார். ஒரு குடியிருப்பு மொத்தமும் கண்மூடித் திறப்பதற்குள் காலியானதைப் பார்த்து அவர் மகிழ்ந்திருக்க வேண்டும். அவருக்கு வியர்த்துவிட்டது.

"யார் உத்தரவில் ஓடினீர்கள்?"

"ஹாரன் கேட்டுச்சு, ஓடுனோம்," என்றார்கள்.

அன்றைக்கே அவசரக் கூட்டம் போட்டார்கள். மக்களை வெளியேற்றும் ஒரு சக்தி எந்த அரசின் கையிலும் இல்லாமல் ஜீப்புக்காரர்களின் கட்டை விரலில் இருப்பது அம்பலமாகிவிட்டது. ஹாரன் எந்தப் பட்டியலில் வருகிறது என்று தேடினார்கள். மூன்று பட்டியலிலும் இல்லை. எந்தப் பட்டியலிலும் இல்லாதது மத்திய அரசுக்குச் சேரும் என்பது சட்டம் என்று மத்திய அதிகாரி அடக்கத்தோடு சொன்னார். ஆகவே ஊத்துமேட்டு ஹாரன்கள் மத்திய அரசுக்குச் சேர்ந்தன. கழற்றுவது மாநிலத்தின் வேலை என்று மாநில அதிகாரி விடாப்பிடியாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். கழற்றுவதற்கு ஆள், கன்னையன்.

அவன் கழற்றினான். வெட்கக்கேடுதான், ஆனாலும் தொப்பி போட்டவன் செய்யாமல் இருக்க முடியுமா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டே கழற்றினான். கிங்ஸ்லி மறிக்கவில்லை. பானெட்டைத் திறந்துவிட்டுத் தள்ளி நின்றான்.

"அண்ணே, நாளைக்கு எனக்கு பிரேக் போச்சுன்னா நான் என்னண்ணே செய்ய?"

"போன் பண்ணு தம்பி. நம்பர் ஒட்டிருக்காக."

"எந்தக் கையால பண்ண? ஸ்டியரிங் புடிச்ச கையாலயா?"

கன்னையன் ஹாரனைச் சாக்கில் போட்டான். எல்லா ஜீப்பின் ஹாரனும் சாவடி மூலையில் சாக்குப் பையில் கிடந்தன. அன்று ராத்திரிச் சாப்பாட்டை செல்லத்தாய் அவன் முன்னால் நங்கென்று வைத்தாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. விடாமல் பெய்த ஒரு மழையின் நடுப்பகலில் சாவடிக்குள் சிவப்பு விளக்கு எரிந்தது.

கன்னையன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் காவலுக்கு வந்தபிறகு அது எரிந்ததே இல்லை. பிறகு மத்திய அலுவலகத்துக்குப் போன் போட்டான்.

"சிவப்பு எரிகிறதா?" அதிகாரியின் குரலில் நிறைவு தெரிந்தது. "அப்படியானால் கருவி வேலை செய்கிறது. நாங்கள் அறிந்துவிட்டோம். வாழ்த்துகள்."

"அய்யா சாவி?"

"மாநிலம் முறைப்படி எங்களைக் கேட்டால் சாவி வரும். கேட்காமல் வந்தால் அத்துமீறல்."

மாநில அலுவலகத்துக்குப் போட்டான். "மத்திய அரசு அறிந்ததை எங்களுக்கு எழுத்தில் சொல்லட்டும். அவர்கள் அறிந்துவிட்டார்கள் என்பதை நீ சொல்லி நாங்கள் அறிய வேண்டிய நிலையில் மாநில உரிமை இல்லை."

திருப்பதிக்குப் போட்டான். அவர் போடியில் ஏலக்காய் ஏலத்தில் இருந்தார். "என் சாவி இடுப்புலயே கெடக்குய்யா. அவுக ரெண்டு பேரும் வந்து மாட்டுனதும் ஒரு போனைப் போடு, வெரசா வந்திர்றேன். நான் மொதல்ல வந்து காத்துக் கெடந்தா ஊராட்சிக்கு மரியாதையா இருக்காது பாரு."

தரையில் குளிர்ச்சியாக ஏதோ பட்டது. கதவிடுக்கு வழியாகச் செங்காவித் தண்ணீர் சாவடிக்குள் வந்துகொண்டிருந்தது. தண்ணீர் என்று சொல்வதற்கில்லை. கூழ் போல இருந்தது. ஜன்னல் வழியே கீழே பார்த்தான். அவன் வீட்டுத் தாழ்வாரத்தில் பானுப்பிரியா குழந்தையின் துணிகளை அடுப்புப் புகையில் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். கத்தினான். தகரத்தில் கொட்டுகிற மழையில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. இந்த முட்டியை வைத்துக்கொண்டு ஓடிப்போய் வீடு வீடாகத் தட்ட முடியாது.

அப்போதுதான் அவன் பார்வை சாக்கின் மேல் விழுந்தது. சிவப்பு விளக்குக்கும் சங்குக்கும் சேர்த்து ஒரு பெரிய பேட்டரி இருந்தது, மத்திய அரசுடையது. தெருவிளக்குக்காக வைத்திருந்த ஊராட்சி வயர் ஆணியில் தொங்கியது. இதைச் செய்யலாமா என்று யாரைக் கேட்பது என்று அந்த நேரத்திலும் ஒரு கணம் யோசித்தான் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். மூன்று பேருக்கு ஆள் வேலை பார்த்தால் புத்தி அப்படித்தான் ஆகிவிடுகிறது. பிறகு பல்லால் வயரைக் கடித்து உரித்து, ஹாரன்களைக் கொத்தாகக் கட்டிப் பேட்டரியில் வைத்து அழுத்தினான்.

ஊரில் இருந்த அத்தனை ஜீப்பும் ஒரே நேரத்தில் பிரேக் இல்லாமல் வருகிற மாதிரி ஒரு சத்தம் எழுந்தது. கன்னையன் கையை எடுக்கவில்லை. ஜன்னலில் பார்த்துக்கொண்டே இருந்தான். கதவுகள் திறந்தன, குடை இல்லாமல் சனம் ஓடியது. செல்லத்தாய் குழந்தையை மாரோடு அணைத்துக்கொண்டு ஓட, பானுப்பிரியாவை இரண்டு பெண்கள் தாங்கி இழுத்துக்கொண்டு போனார்கள். கடைசி ஆளும் மேட்டில் ஏறியபிறகு அவன் தட்டுத்தடுமாறி மேட்டுக்கு வந்து சேர்ந்தான். சரிவின் ஒரு பாதி கீழே இறங்கியது. மேற்கு வரிசை வீடுகள் முழுவதும் அதற்குள் போயின. யாரும் அழவில்லை. ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார்கள், எல்லாப் பெயருக்கும் பதில் வந்தது.

சரிவின் மறுபாதி மேலே அப்படியே நின்றது. அதற்குக் கீழேதான் சாவடியும் கன்னையனின் வீடும்.

போடியில் ஏலக்காய் வியாபாரி ஜேசுதாஸ் தன்னுடைய கல்யாண மண்டபத்தை ஊத்துமேட்டுச் சனத்துக்கு யாரையும் கேட்காமல் திறந்துவிட்டார். கன்னையன் மேல் விசாரணையும் அங்கேயே நடந்தது. மாப்பிள்ளை பெண் உட்காரும் நாற்காலிகளில் மத்திய, மாநில அதிகாரிகள் உட்கார்ந்தார்கள், மாப்பிள்ளைத் தோழன் நாற்காலியில் திருப்பதி.

பேட்டரி மத்திய அரசின் சொத்து, அதைத் திருடினான் என்றார் ஒருவர். பறிமுதல் செய்த ஹாரன்களை எடுத்தான் என்றார் இன்னொருவர். வயரைக் கடித்துவிட்டான் என்றார் திருப்பதி. வாரியம் தொடங்கியபின் மூன்று அரசுகளும் ஒரே கருத்துக்கு வந்தது அதுதான் முதல்முறை. அந்த ஒற்றுமையில் அவர்களுக்கே கண் கலங்கிவிட்டது.

கிங்ஸ்லி பொறுக்கமாட்டாமல் எழுந்தான். "அய்யா, ஊரு உசுரோட இருக்கு. அதைக் கொஞ்சம் பாருங்க."

"அதைத்தான் பார்க்கிறோம்," என்றார் மாநில அதிகாரி வருத்தத்தோடு. "சங்கு ஊதியதா? ஊதவில்லை. சங்கு ஊதாதபோது மண் இறங்கினால் அது நிலச்சரிவு ஆகாது. மண் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். நடக்காத நிலச்சரிவுக்கு நிவாரணம் கொடுக்க முடியாது. நடக்காத நிலச்சரிவிலிருந்து தப்பித்தவர்கள் இப்படி மண்டபத்தில் கூடியிருப்பதும் சட்டவிரோதக் கூட்டமாகிவிடும். மாற்று இடப் பட்டா கேட்கிறீர்கள். தரத் தயார். ஆபத்து நடந்ததாகப் பதிவு இருந்தால்தானே தர முடியும்?"

மத்திய அதிகாரி முன்னால் சாய்ந்தார். அவர் குரலில் உண்மையான கருணை இருந்தது; அதுதான் பயமாக இருந்தது.

"ஆனால் வழி இல்லாமல் இல்லை. விட்டுப்போன நடைமுறையைப் பிறகு முடித்துக்கொள்ளச் சட்டத்தில் இடமிருக்கிறது. நாங்கள் மூவரும் நேரில் வந்து, சாவியைத் திருப்பி, சங்கை முறைப்படி ஊதிவிடுகிறோம். ஊதும்போது பயனாளிகள் அவரவர் வீட்டில் இருக்க வேண்டும். சங்கு கேட்டு வெளியே வர வேண்டும். அந்த நிமிடமே எல்லாம் செல்லுபடியாகிவிடும். மறுநாள் பட்டா."

"வீடு மண்ணுக்குள்ள போனவுக எங்கய்யா இருக்க?" என்றாள் செல்லத்தாய்.

"வீடு இருந்த இடத்துக்கு நேர் மேலே நாற்காலி போட்டுத் தருகிறோம்."

"மழை விடலையேய்யா. மேல இருக்குற பாதி இன்னைக்கோ நாளைக்கோன்னு நிக்கிது."

"மழை எங்கள் பட்டியல் அம்மா. நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்."

போக வேண்டாம் என்று கிங்ஸ்லி சொன்னான். கன்னையனுக்கும் அதுதான் மனசு. ஆனால் மண்டபத்தில் எத்தனை நாள் கிடப்பது? முகூர்த்தம் வந்தால் ஜேசுதாஸ்தான் என்ன செய்வார்? பட்டா இல்லாவிட்டால் எப்படியும் அதே சரிவுக்கு அடியில்தான் போய்ப் படுக்க வேண்டும், ஆயுசு முழுக்க. ஒரே ஒரு தடவை போய் உட்கார்ந்து எழுந்துவிட்டால் குழந்தை வேறு இடத்தில் வளரும். சனம் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் ஜீப்பில் ஏறியது. பயத்தோடு ஏறியது.

மழை தூறிக்கொண்டிருந்தது. மேற்கு வரிசையில் வீடு இருந்த இடங்களில் சேற்றுக்கு மேல் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஆட்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். முனீஸ்வரன் என்பவர் தன் சமையலறைக்கு மேல் உட்கார்ந்திருப்பதாகவும், மனைவி பாண்டீஸ்வரி உத்தேசமாக வாசலுக்கு மேல் உட்கார்ந்திருப்பதாகவும் தகவல் தந்தார். யாரும் சிரிக்கவில்லை. செல்லத்தாயும் மகளும் குழந்தையும் கிழக்கு வரிசையில் தங்கள் வீட்டுக்குள் போனார்கள். கன்னையன் அவர்களைப் பார்த்துவிட்டுச் சாவடிக்கு ஏறினான். காவலர் உடனிருக்க வேண்டும் என்பது விதி.

சாவடிக்குள் மூன்று பேரும் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். மூன்று சாவியும் பூட்டில் ஏறின. திருப்ப வேண்டியதுதான் பாக்கி.

"ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணித் திருப்பலாம்," என்றார் மாநில அதிகாரி.

"யார் எண்ணுவது?" என்றார் மத்திய அதிகாரி.

அதோடு கைகள் பூட்டிலிருந்து இறங்கின. எண்ணுவது கணக்கெடுப்பு, அது மத்தியப் பட்டியல் என்று ஒருவர் சொன்னார். எண்ணிக்கை உரக்கச் சொல்லப்படுவதால் அது அறிவிப்பு, மாநில உரிமை என்று மற்றவர் சொன்னார். எந்த மொழியில் எண்ணுவது என்று அடுத்து வந்தது. திருப்பதி, வேணும்னா விரலைக் காட்டிக்குவோமா என்றார், அவரை யாரும் கவனிக்கவில்லை.

கூரையில் ஏதோ பட்டு உருண்டது. கன்னையன் நிமிர்ந்தான். இன்னொன்று பட்டது. ஜன்னல் வழியே பார்த்தபோது நாற்காலிகள் காலியாக இருந்தன. சனம் சிலுவை மேட்டை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் செல்லத்தாய், தோளில் குழந்தை. அவன் வெளியே பாய்ந்தான்.

"எங்க போறீக? சங்கு ஊதலையே!" பழக்கத்தில் அப்படித்தான் கத்தினான்.

"தகரத்துல கல்லு விழுந்துச்சுய்யா!" ஓடிக்கொண்டே திரும்பிக் கத்தினாள் செல்லத்தாய். "பட்டாவுமாச்சு மண்ணாங்கட்டியுமாச்சு. வெரசா வந்து தொலை!"

கன்னையன் இரண்டு எட்டு வைத்தான். பிறகு நின்று திரும்பினான். உள்ளே இருக்கிற மூன்று பேரையும் அவன் எவ்வளவோ திட்டியிருக்கிறான், மனசுக்குள்தான். ஆனாலும் விட்டுவிட்டுப் போகக் கால் வரவில்லை. ஜன்னலில் போய் அடித்தான்.

"அய்யா! வெளிய வாங்க! மலை வருது!"

மத்திய அதிகாரி ஜன்னல் பக்கம் திரும்பினார். "சங்கு ஊதிவிட்டதா?"

"இல்லங்கய்யா, நீங்கதானே ஊதணும்!"

"அப்படியானால் எதை வைத்து மலை வருகிறது என்கிறாய்? அதை அறியும் அதிகாரம் உனக்கு யார் கொடுத்தது?"

"யாரும் குடுக்கலய்யா! கண்ணு தெரியுது, வாங்கய்யா!"

மழைச்சாரல் பெட்டியின் மேல் அடிக்கிறது என்று மாநில அதிகாரி ஜன்னலைச் சாத்தினார்.

கன்னையன் ஓடினான். முட்டி என்ன ஆனது என்று தெரியாது, ஓடினான். கிங்ஸ்லி இறங்கி வந்து அவன் கையைப் பிடித்து மேட்டில் இழுத்துப் போட்டான். அங்கிருந்து பார்த்தால் சாவடி நன்றாகத் தெரிந்தது. அதற்கு மேலே சரிவு அவசரமில்லாமல், நின்ற வாக்கிலேயே இறங்கி வந்துகொண்டிருந்தது.

அப்போது சங்கு ஊதியது.

உள்ளே ஏதோ ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள். முறைப்படி, மூன்று சாவியும் ஒரே நேரத்தில் திரும்பி, ஊத்துமேட்டுச் சங்கு முதல்முறையாக ஊதியது. நல்ல சங்கு. போடி வரைக்கும் கேட்டதாகச் சொன்னார்கள். பானுப்பிரியா குழந்தையின் காதுகளைப் பொத்தினாள். சத்தம் உச்சத்தில் இருக்கும்போதே மண் சாவடியின் மேல் ஏறிக் கம்பத்தைப் படுக்க வைத்துவிட்டுப் போனது.

சங்கு நிற்கவில்லை. மண்ணுக்கு அடியிலிருந்து, வாயில் துணி வைத்துக் கத்துகிற மாதிரி, மங்கலாக ஊதிக்கொண்டே இருந்தது.

யாரும் யாரையும் கேட்கவில்லை. கிங்ஸ்லி மேட்டடியில் நின்ற ஜீப்பிலிருந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினான். பின்னால் முனீஸ்வரன், பாண்டீஸ்வரி, ஏலத்தோட்டத்தில் களை வெட்டும் கொத்துகளோடு மற்றவர்கள். கன்னையன் நொண்டிக்கொண்டே சேற்றில் இறங்கி, தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டு, காதைத் தரையில் வைத்துக் கேட்டான்.

"இந்தாருக்கு சாவடி! மூணு பேரும் இங்கதான், வெட்டுங்கப்பா, இங்க!"

சத்தம் தேய்ந்துகொண்டு வந்தது. பேட்டரி தீர்வதற்குள் தோண்டிவிட வேண்டும் என்று எல்லோரும் அந்த இடத்திலேயே வெட்டினார்கள்.